கோரைக்கும் கழிக்கும் நடுவே: சதுப்பு நிலப் பயணக் குறிப்புகள்

புறப்பட்ட அன்று இரவு

மூட்டை கட்டும்போது எங்களுக்குள் வந்த ஒரே சண்டை தண்ணீரால்தான். போவது சதுப்பு நிலம், கால் வைக்கிற இடமெல்லாம் தண்ணீர், இதில் வடிகட்டி, தண்ணீரில் போடும் கிருமிநாசினி மாத்திரை, பானை, அதற்கு மேல் ஆளுக்கு நாலு லிட்டர் சுமை எதற்கு என்று கேட்டான் என் படகில் பின்துடுப்பு போடும் நண்பன். எங்களை நடத்திச் செல்பவர் ஒரு அக்கா. பல வருடம் செவிலியராக இருந்தவர், இந்த மாதிரி நிலங்களில் நிறைய அலைந்தவர். "தண்ணி எங்கேயும் கிடைக்கும் தம்பி. அதைக் குடிக்கிற தண்ணியா மாத்தத்தான் நேரம் கிடைக்காது" என்று சொல்லிவிட்டு இன்னொரு பானையையும் மூட்டையில் செருகினார்.

அவர் சொன்னது மாலைக்குள் புரிந்துவிட்டது. பகல் முழுக்கத் துடுப்புப் போட்டு, இருட்டுவதற்குள் படுக்க ஒரு மேடு தேடி, கூடாரம் அடித்து நிமிர்ந்தபோது கொண்டுவந்த தண்ணீரில் பாதி காலி. விறகெல்லாம் ஈரம். மாத்திரை போட்டால் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். தாகமோ அப்போதே எடுத்துவிட்டது.

அதனால் முதல் விதி இன்றே போட்டாயிற்று: கையில் நல்ல தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கினால் படகை நிறுத்தி அடுத்ததைத் தயார் செய்துவிட வேண்டும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தாகத்தில் இருக்கிற ஆளுக்கு 30 நிமிடம் காத்திருக்கப் பொறுமை வராது, 20 நிமிடத்திலேயே மூடியைத் திறந்துவிடுவான்.

இரண்டாவது விதி பாட்டில்களைப் பற்றியது. அள்ளுகிற பாட்டில் வேறு, குடிக்கிற பாட்டில் வேறு. அள்ளுகிற பாட்டிலின் கழுத்தில் சிவப்புக் கயிறு. இருட்டில் தடவிப் பார்த்தாலும் தெரிய வேண்டும் என்பதற்காகக் கயிற்றில் ஒரு முடிச்சும் உண்டு. மாத்திரை போட்ட பாட்டிலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூடியின் மரையில் ஒட்டியிருக்கும் பழைய தண்ணீருக்கு மருந்து போய்ச் சேராது. மாத்திரை கரைந்ததும் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, பாட்டிலைக் கவிழ்த்து, மருந்து கலந்த தண்ணீர் மரை வழியாகக் கசிந்து வரும்படி செய்துவிட்டு, அப்புறம்தான் இறுக்கி மூடிக் காத்திருக்க வேண்டும்.

மறுநாள், கோரைக் காடு

1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ஈரநில ஒப்பந்தம், ஈரநிலம் என்பதற்கு மிக அகலமான வரையறை வைத்திருக்கிறது. நன்னீர்ச் சதுப்பு, கரிச்சேற்று நிலம், உப்பங்கழி, நீர் வற்றும்போது 6 மீட்டருக்கு மேல் ஆழமில்லாத கடலோரம் எல்லாமே அதற்குள் அடக்கம். எங்கள் வழியும் கோரையில் தொடங்கிக் கழியில்தான் முடிகிறது. ஒவ்வோர் இடத்துத் தண்ணீருக்கும் ஒவ்வொரு நோய், அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து செல்லாது.

கோரைக்குள் முக்கியமான வேலை, எந்தத் தண்ணீரை எடுக்கக் கூடாது என்று கழித்துக்கட்டுவதுதான். வயல் வடிகால் வந்து சேரும் வாய்க்கால் வேண்டாம். பூச்சிமருந்தும் உரமும் கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் ஆவியாக ஆக இன்னும் அடர்த்தியாகும். ஆடு மாடு இறங்குகிற துறை, பறவைகள் கூட்டமாக அடையும் மரத்தடி, செத்த மீன் மிதக்கிற இடம், எண்ணெய்ப் படலம் தெரிகிற இடம் எல்லாமே வேண்டாம். கரையோரம் பச்சைப் பெயின்ட்டைக் கொட்டிவிட்டது போல ஓர் ஏடு படர்ந்திருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது. அது நீலப்பச்சைப் பாசி. அதில் சில வகைகள் ஈரலையும் நரம்பையும் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். கொதிக்க வைத்தால் பாசி சாகும், உள்ளே இருந்த நஞ்சு தண்ணீரில் கலக்கும். சாதாரண வடிகட்டியை நம்பியும் பயனில்லை. இன்று மதியம் அப்படி ஒரு தேக்கத்தைப் பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது. அக்கா துடுப்பைக்கூட அதில் படவிடாமல் படகைத் திருப்பினார்.

கடைசியில் எடுத்தது, கோரைக்கு நடுவே மெல்ல ஓடிக்கொண்டிருந்த ஒரு கால்வாயில். ஓடுகிற தண்ணீர் சுத்தமானது என்று நினைத்துவிட வேண்டாம். தேங்கியதைவிடத் தேவலை, அவ்வளவுதான்.

கரையை உரசி அள்ளினால் சேறு, நடுவில் அடியைத் தொட்டால் வண்டல். மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பானையை அமிழ்த்தி எடுத்து, ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, தெளிந்ததை மட்டும் துணி வழியாக இறுத்தோம். படிகாரம் இருந்தால் இன்னும் சீக்கிரம் தெளியும். தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் ஆகிவிடாது என்றாலும் இந்த வேலையைத் தவிர்க்க முடியாது. கலங்கிய நீரை நேராக விட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், மாத்திரையின் குளோரின் சேற்றிலேயே செலவாகிவிடும். துணிக்கு இன்னொரு பயனும் உண்டு: குட்டி அட்டைகளை அது நிறுத்திவிடும். ஓடையிலோ குளத்திலோ நேராக வாய் வைத்துக் குடிக்கும்போது அட்டை தொண்டையிலோ மூக்கிலோ ஒட்டிக்கொண்ட சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் இருக்கின்றன. மண்டியிட்டுக் குனிந்து குடிப்பது படத்தில் பார்க்க நன்றாக இருக்கும்.

இனி மைக்ரான் கணக்கு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஜியார்டியாவும் கிரிப்டோஸ்போரிடியமும் வயிற்றுப்போக்கைத் தரும் நுண்ணிய ஒட்டுண்ணிகள். ஜியார்டியாவின் உறை சுமார் 8 முதல் 12 மைக்ரான். கிரிப்டோஸ்போரிடியம் 4 முதல் 6. எங்களிடம் இருக்கிற கைவடிகட்டியின் துளை 0.1 மைக்ரான் என்பதால் இரண்டும் நிற்கும், பாக்டீரியாவும் நிற்கும். வைரஸ் இவற்றைவிடப் பல மடங்கு சிறியது, தாராளமாக நுழைந்துவிடும். குளோரின் மாத்திரை வைரஸையும் பாக்டீரியாவையும் கொல்லும், ஆனால் கிரிப்டோஸ்போரிடியத்தின் தடித்த ஓட்டை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. குளோரின் டை ஆக்சைடு மாத்திரை என்று ஒன்று இருக்கிறது, அது செய்யும், அதற்கு 4 மணி நேரம் ஆகும். ஆக, வடிகட்டியும் மாத்திரையும் ஒன்றின் ஓட்டையை மற்றொன்று அடைக்கின்றன. முதலில் வடிகட்டு, பிறகு மாத்திரை போடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் வசிக்கிறார்கள் என்று தெரிந்தால் மாத்திரையைக் கட்டாயம் போடுவோம், ஏனென்றால் நம்மை வாட்டும் வைரஸ்கள் பெரும்பாலும் மனிதக் கழிவிலிருந்து வருபவை.

இரண்டுமே வேண்டாம் என்றால் கொதி. தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேற்பட்ட மலையில் 3 நிமிடம். பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று கொதிக்கவிடுவது விறகுக்குக் கேடு. இங்கே விறகுதான் தங்கம். தரையில் கிடப்பதெல்லாம் ஊறிப்போனது. நின்றபடியே பட்டுப்போன மரத்தின் கிளையை ஒடித்து, மேல் தோலைச் சீவினால் உள்ளே காய்ந்திருக்கும்.

கறுப்புத் தண்ணீர்

இன்று கோரை முடிந்து மரங்கள் அடர்ந்த கரிச்சேற்று நிலம். தண்ணீர் கையில் எடுத்தால் பழுப்பு, ஆழத்தில் கறுப்பு. மக்காத இலைகளிலிருந்து இறங்கிய டானின் அது. தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான அதே வகைப் பொருள்தான். நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. தென் அமெரிக்காவின் ரியோ நெக்ரோ ஆறு முழுக்கவே இந்த நிறத்தில்தான் ஓடுகிறது. ஆனால் இந்தத் தண்ணீர் அமிலத்தன்மை உள்ளது, அதனால் கிருமி இருக்காது என்று ஒரு பேச்சு உலவுகிறது. இங்கே தரையில் மெத்தை மாதிரி வளரும் பாசியைப் பிழிந்து அப்படியே குடிக்கலாம் என்பதும் அதே கதைதான். நம்பாதீர்கள். பாசிக்குள்ளும் மேலே நடந்துபோன பிராணிகளின் கழிவு இறங்கியிருக்கும்.

கறுப்புத் தண்ணீரின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கரைந்திருக்கும் இலைச்சாறு குளோரினைத் தின்றுவிடும், கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கின் ஒளியையும் மறைத்துவிடும். அதனால் பேனா மாதிரி இருக்கும் அந்தப் புற ஊதாக் கருவி இன்று மூட்டையிலேயே கிடந்தது. வடிகட்டிக் கொதிக்க வைத்துக் குடித்தோம். துவர்த்தது, வேறு குறையில்லை.

நடக்கும்போது சேற்றிலிருந்து குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. 1776இல் அலெசாண்ட்ரோ வோல்டா மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கோலால் கிளறி இந்த வாயுவைத்தான் பிடித்தார். மீத்தேன். கொள்ளிவாய்ப் பிசாசுக் கதைகளுக்கும் சதுப்பு வாயுதான் காரணம் என்பார்கள். இரவு வெகுநேரம் பார்த்தோம், ஒரு பிசாசும் வரவில்லை, கொசுதான் வந்தது. நீளக் கை சட்டை, பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தோய்த்த துணி, கொசுவலை. மூன்றும் இருந்தும் காது மடலை விட்டுவைக்கவில்லை.

மழை நாள்

விடிந்ததிலிருந்து மழை. எனக்கு இது நல்ல நாள், அக்காவுக்குக் கவலையான நாள்.

முதலில் நல்லது. தார்ப்பாயை நாலு கயிற்றில் கட்டி, ஒரு மூலையைத் தாழ்த்திப் பானையை வைத்தோம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர். எங்கள் பாய் 6 சதுர மீட்டர், ஆகவே 10 மில்லிமீட்டர் மழைக்குச் சுமார் 60 லிட்டர். முதலில் வழிகிறது பாயின் அழுக்கு, அதைக் கீழே விட்டுவிட்டோம். மரத்தடியில் கட்டவில்லை, இலையிலிருந்து சொட்டுவதில் பறவை எச்சம் இருக்கும். திறந்த வெளியில், சுத்தமான பாயில் பிடித்த மழைநீர்தான் இந்தப் பயணத்தில் கிடைத்த மிகச் சுத்தமான தண்ணீர். நேரமும் செலவில்லை. சதுப்பு நிலத்தில் மாட்டிக்கொண்டவர்கள் கீழே இருக்கிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், மேலே இருந்து வருவதை விட்டுவிடுவார்கள் என்பது அக்காவின் கணக்கு.

இப்போது கவலை. நனைந்த உடம்பு. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும். பனி பெய்தால்தான் விறைக்கும் என்றில்லை, இதமான நாளில்கூட இடுப்பளவு நீரில் மணிக்கணக்கில் நின்றால் நடுக்கம் வரும். பேச்சுக் குழறுவதும், விரல்கள் முடிச்சுப் போட மறுப்பதும் அடுத்த கட்டம். அந்த நிலையில் எந்த வடிகட்டியைக் கொடுத்தாலும் ஆளால் அதை இயக்க முடியாது. அதனால்தான் சதுப்பில் வழி தவறினால் முதல் வேலை தண்ணீரை விட்டு வெளியே வருவது, ஒரு மேட்டிலோ சாய்ந்த மரத்திலோ படகிலோ. குடிநீர் அதற்குப் பிறகு.

அடுத்தது பாதம். நாள் முழுக்க ஊறிய பாதம் வெளுத்துச் சுருங்கி, மரத்துப்போய், பிறகு எரியும், தோல் உரியும். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் இருந்த சிப்பாய்களை முடக்கியது இதுதான். இராத்திரி படுக்கும் முன் பாதத்தைத் துடைத்து, காற்றாட வைத்து உலர்த்த வேண்டும். ஒரு ஜோடி காலுறை எப்போதும் காய்ந்தபடி பைக்குள் இருக்கும், தூங்குவதற்கு மட்டும். அதைப் பகலில் எடுத்துப் போட்டுக்கொள்ள ஆசை வரும். கூடாது.

காயம் பட்ட தோலோடு இந்தத் தண்ணீரில் இறங்குவதும் ஆபத்து. எலிச் சிறுநீர் கலந்த நீரிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் என்கிற எலிக்காய்ச்சல் கிருமி வெட்டுக்காயம் வழியாகவும் கண், மூக்கு வழியாகவும் உள்ளே போகும். ஆப்பிரிக்காவிலும் வேறு சில வெப்ப நாடுகளிலும் நன்னீர் நத்தைகளிலிருந்து வரும் நத்தைக் காய்ச்சல் புழுவுக்குக் காயம்கூட வேண்டாம், நல்ல தோலையே துளைத்து நுழையும். கடித்த அட்டையை உப்பு, தீ, புகையிலை என்று வதைத்தால் அது வயிற்றில் இருப்பதைக் காயத்திலேயே கக்கிவிடும். நகத்தை அதன் வாய்க்கு அடியில் நுழைத்து நகர்த்திவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

கூடாரத்துக்குள் அடைந்து கிடந்தபோது பின்துடுப்பு நண்பன் கேட்டான்: "வடிகட்டி தொலைஞ்சு, மாத்திரை தீர்ந்து, தீயும் பிடிக்கலைன்னா என்னக்கா பண்றது?"

"குடிச்சிடு" என்றார். அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. வெயிலில் நடக்கிற ஆளை நீரிழப்பு ஓரிரு நாளிலேயே சாய்த்துவிடும். ஜியார்டியா தொல்லை கொடுக்கப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்கு மருந்தும் இருக்கிறது. கண்ணுக்கெட்டியதில் நல்லதாகத் தெரிகிற நீரைத் தெளியவைத்து, துணியில் இறுத்துக் குடித்துவிட்டு உதவி வரும்வரை உயிரோடு இருப்பதுதான் புத்தி. பாசி நஞ்சும் ரசாயனமும் உப்பும் இந்தச் சலுகைக்குள் வராது. வெயிலும் நிறமில்லாத பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலும் இருந்தால் அதுவும் தேவையில்லை: தெளிந்த நீரை நிரப்பி முழு வெயிலில் 6 மணி நேரம், பாதிக்கு மேல் மேகம் இருந்தால் 2 நாள் கிடத்த வேண்டும். இன்றைய வானத்தைப் பார்த்தால் அந்தப் பேச்சே வேண்டாம்.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இதை எல்லாரையும் மனப்பாடமாகச் சொல்ல வைத்தார் அக்கா.

சேறு

இன்று எழுத நிறைய இருக்கிறது. ஆறு விரிந்து கழியாகும் இடத்தில், நீர் வற்றிய நேரம் படகை இழுத்துக்கொண்டு நடந்தோம். எங்கள் குழுவில் முன்னே போன தங்கையின் இடது கால் முழங்கால் வரை போயிற்று. அதை எடுக்க வலது காலை ஊன்றினாள், அது தொடை வரை போயிற்று. இரண்டு பேர் ஓடினார்கள். அக்கா போட்ட சத்தத்தில் அப்படியே நின்றார்கள். நின்றதால்தான் சிக்கியவர் ஒருவரோடு போயிற்று.

ஆள் முழுசாக மூழ்கிவிடுவார் என்பது கதை. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் இதைச் சோதித்து நேச்சர் இதழில் எழுதினார்கள்: புதைமணலின் அடர்த்தி தண்ணீரைப் போல் சுமார் 2 மடங்கு, மனித உடல் ஏறக்குறைய தண்ணீர் அளவுதான், அதனால் இடுப்புக்கு மேல் இறங்காது. ஆனால் அடியில் கெட்டிப்பட்ட மணலிலிருந்து பாதத்தை நொடிக்கு 1 சென்டிமீட்டர் வேகத்தில் உருவ, நடுத்தரக் கார் ஒன்றைத் தூக்கும் விசை வேண்டும். கையைப் பிடித்து இழுத்தால் தோள் கழன்றுவரும், கால் வராது.

செய்தது இதுதான். முதுகுப்பையைக் கழற்றச் சொன்னோம். பின்னால் சாய்ந்து, நாற்காலியில் உட்காருவது மாதிரி, உடம்பின் எடையைச் சேற்றின் மேல் பரப்பினாள். இரண்டு துடுப்பை அவள் முதுகுக்கடியில் தள்ளினோம். ஒரு காலை மட்டும் சின்னச் சின்ன வட்டமாக ஆட்டச் சொன்னார் அக்கா. ஆட்ட ஆட்டக் காலைச் சுற்றித் தண்ணீர் இறங்கி, கெட்டிப்பட்டது இளகும். முதல் கால் வெளியே வரச் சுமார் கால் மணி நேரம். இரண்டாவது சீக்கிரம் வந்தது. செருப்பு போனது போனதுதான்.

அவசரப்படாதே என்று அவளிடம் சொல்லிக்கொண்டே எல்லாரும் கழியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடலோரச் சேற்றில் கொல்வது பெரும்பாலும் சேறு இல்லை, திரும்பி வரும் ஓதம், அதாவது கடலின் நீரேற்றம். பெரும்பாலான கரைகளில் வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையே ஆறேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த நேரத்தைக் காலையிலேயே குறித்து வைத்திருந்ததால்தான் நிதானமாக வேலை செய்ய முடிந்தது. இனிமேல் முன்னால் போகிறவர் கையில் கோல், அதைக் குத்திப் பார்க்காமல் அடுத்த அடி இல்லை. பையின் இடுப்புப் பட்டையும் அவிழ்த்தபடியே இருக்கும்.

அலையாத்திக் கரை

இங்கே எங்கள் வடிகட்டி செத்த சாமான். உப்பை அதனால் நிறுத்த முடியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு. நம் சிறுநீரகம் அவ்வளவு உப்பாகச் சிறுநீரை வெளியேற்றாது, குடித்ததைவிட அதிக நீரைச் செலவழித்துத்தான் அந்த உப்பைத் தள்ளும். மழைநாளில் பிடித்ததை எல்லாக் கலத்திலும் நிரப்பி வந்ததன் அருமை இங்கே தெரிந்தது.

இருந்தாலும் ஊற்றுத் தோண்டிப் பார்த்தோம். ஓத எல்லைக்கு மேலே, முதல் மணல்மேட்டுக்குப் பின்பக்கம். மண்ணில் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட லேசு என்பதால் அதன் மேல் மிதந்து கிடக்கும். ஈரம் கண்டதும் நிறுத்திவிட வேண்டும். நிறைய வேண்டும் என்று ஆழத் தோண்டினால் அடியில் இருக்கிற உப்பு மேலேறிவிடும். முதலில் ஊறியதை இறைத்துக் கொட்டிவிட்டு அடுத்ததை நாக்கில் வைத்தேன். சற்றே கரித்தது, உப்பு என்று சொல்ல முடியாது. வடிகட்டி, கொதிக்க வைத்து, மழைநீரோடு கலந்து குடித்தோம்.

இலைகளில் பிளாஸ்டிக் பையைக் கட்டி நீர் பிடிக்கும் வித்தையைச் செய்ய ஒருவன் கிளம்பினான். கிடைப்பது சொற்பம். அதைவிட, அவன் கைவைத்த மரம் தில்லை. இந்தியா, இலங்கையிலிருந்து ஆஸ்திரேலியாவின் வடகரை வரை அலையாத்திக் காடுகளில் இருக்கும் மரம். ஒடித்தால் வடியும் பால் தோலில் கொப்புளம் எழுப்பும், கண்ணில் பட்டால் கொஞ்ச நாளைக்குப் பார்வையே போகலாம். விறகாக எரித்தால் புகையும் கண்ணைத் தாக்கும். பெயர் தெரியாத பாலுள்ள மரத்தைத் தொடாதே என்பது எந்தக் காட்டுக்கும் பொருந்தும்.

முதலை உள்ள கழி இது. ஒரே துறையில், ஒரே நேரத்தில் தினமும் தண்ணீர் அள்ளப் போனால் முதலை அதைக் கவனித்து வைத்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து அரசு தரும் அறிவுரை: நீர் விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நில், கூடாரத்தை 50 மீட்டர் தள்ளி, ஏற்ற மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே போடு. பாத்திரம் கழுவவும் மீன் செதில் உரிக்கவும் கரைக்குப் போகவில்லை. கயிற்றில் வாளியைக் கட்டி, மேட்டிலிருந்து வீசி இழுத்தோம், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில்.

கரையேறிய பிறகு

எல்லாரும் நலம். ஆனாலும் ஒரு மாதத்துக்குக் காய்ச்சல் வந்தால் யாரும் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது என்று அக்காவின் உத்தரவு. லெப்டோஸ்பைரோசிஸ் 2 நாளிலும் வரலாம், 30 நாள் கழித்தும் வரலாம். மலேரியா அதற்கு அப்புறமும் தலைகாட்டும். மருத்துவரிடம் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் போதாது, எந்தத் தண்ணீரில் நின்றோம், எதைக் குடித்தோம், கொசு கடித்ததா என்பதையும் நாமே சொல்ல வேண்டும், அவர் கேட்க மாட்டார். துர்நாற்றத்தோடு, கொழுப்பு மிதக்கிற வயிற்றுப்போக்கு ஓரிரு வாரம் கழித்து வந்தால் ஜியார்டியாவைச் சந்தேகப்படலாம்.

வடிகட்டியைப் பின்பக்கமாக நீர் செலுத்திக் கழுவி, நன்றாக உலர்த்தித்தான் எடுத்துவைக்க வேண்டும். குளிர் நாட்டுக்காரர்கள் கவனிக்க: ஈரத்தோடு உறைந்துபோன இழை வடிகட்டி வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே விரிசல் விட்டிருக்கும், சோதித்துப் பார்க்கச் சுலபமான வழியும் இல்லை, தூக்கிப் போட்டுவிடுங்கள். பெட்டியில் அச்சடித்திருக்கும் லிட்டர் கணக்கைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். அது தெளிந்த நீருக்கான கணக்கு. கோரைக் கால்வாயில் எங்களுடையது பத்து லிட்டருக்கு ஒரு முறை கழுவச் சொல்லி நின்றது.